களப்பணிக்கு ஏற்ற சிறு தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்தல்

பைனாகுலர் என வழங்கும் இருகண் தொலைநோக்கி, வனக் களப்பணியாளருக்கும், மாணவர்களை இயற்கை உலாவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இன்றியமையாத கருவியாகும். ஆயினும், ஓர் அலுவலகத்திலோ பள்ளியிலோ இதனை வாங்குவதற்கான மானியம் அடிக்கடி கிடைப்பதில்லை. ஒரு முறை தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், அத்தவறு பல ஆண்டுகள் நீடிக்கும். அக்கருவியைக் கொண்டு எழுதப்படும் பதிவேடும் ஐயத்திற்கு இடமாகும். ஆகவே, கருவியின் தத்துவத்தை அறிந்து, அதன்பின் தேர்ந்தெடுப்பதே முறையாகும். அம்முறையை இக்கட்டுரையில் படிப்படியாக ஆராய்வோம்.

வில்வேட்டையிலிருந்து ஒரு பாடம்

வட அமெரிக்காவின் பல பகுதிகளில், குறிப்பிட்ட பருவங்களில், உரிமம் பெற்று வில்லால் மானை வேட்டையாடும் வழக்கம் உண்டு. அம்பு பெரும்பாலும் 30, 40 மீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே எய்யப்படுகிறது. அவ்வளவு அண்மையில் நிற்கும் விலங்கைக் காணத் தொலைநோக்கி எதற்கு என்னும் வினா எழலாம். விடை எளியது. மான் வெட்டவெளியில் நிற்பதில்லை. புதரிடையே ஒரு காதின் விளிம்போ, கொம்பின் ஒரு கிளையோ மட்டும் தெரியும். அது ஆணா, பெண்ணா, குட்டியா, சட்டம் அனுமதிக்கும் விலங்குதானா என்பதை ஐயமின்றி அறிந்த பின்னரே நாணை இழுக்க வேண்டும். மேலும், மான்கள் மிகுதியாக நடமாடுவது வைகறையிலும் அந்தியிலுமே. ஆகவே வில்வேட்டைக்காரர் நாடும் கருவி சிறியதாகவும், ஓசையின்றி ஒரு கையால் உயர்த்தத்தக்கதாகவும், மங்கிய ஒளியில் தெளிவு தருவதாகவும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தான் குறிப்பிடும் சில விலக்குகள் நீங்கலாக வேட்டையைத் தடைசெய்துள்ளது. வில்லும் அம்பும் அச்சட்டத்தில் ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. எனினும், நம் களப்பணியாளர் நிற்கும் சூழ்நிலை மேற்கூறியதே. 2006-ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் அகில இந்தியப் புலி மதிப்பீட்டில், பணியாளர்கள் அதிகாலையில் நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, காணும் குளம்பு விலங்குகளைப் பதிவு செய்கின்றனர். சால மரக்காட்டின் நிழலில் 40 மீட்டர் தொலைவில் தலை குனிந்து மேயும் பெண் விலங்கு கடமானா, பாரசிங்காவா? மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா வனத்தில் பாரசிங்கா மான்களின் தொகை 1970-இல் 66 என்னும் அளவிற்குக் குன்றியிருந்தது என்பதை நினைவு கூர்ந்தால், பதிவேட்டில் இடப்படும் ஒவ்வொரு குறியும் எவ்வளவு பொறுப்புடையது என்பது விளங்கும். வேட்டைக்காரரின் தவறு அம்போடு முடிவதுபோல், நம் தவறு கணக்கோடு முடிகிறது; இரண்டையுமே திரும்பப் பெற இயலாது.

கருவியின் அமைப்பு

இருகண் தொலைநோக்கி என்பது இணையாகப் பொருத்தப்பட்ட இரு தொலைநோக்கிகளே. முன்புறமுள்ள பொருளருகு லென்ஸ் ஒளியைத் திரட்டி, தலைகீழான பிம்பத்தை உண்டாக்குகிறது. இடையிலுள்ள முப்பட்டகங்கள் அதனை நேராக்குகின்றன. கண்ணருகு லென்ஸ் அப்பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

முப்பட்டக அமைப்புகள் இரு வகைப்படும். முதலாவது, இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் உரிமைப் பதிவு பெற்ற அமைப்பு. இதில் ஒளிப்பாதை ஏணிப்படி போல் விலகிச் செல்வதால், கருவியின் தோள்கள் அகன்றிருக்கும். இரண்டாவது, கூரை முப்பட்டகம். இதில் குழாய்கள் நேராக இருப்பதால் கருவி ஒடுங்கியதாக அமைகிறது. இன்று சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. ஆனால், கூரை முப்பட்டகத்தை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும். அதன் இரு சாய்தளங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகளுக்குள் கட்ட வேறுபாடு தோன்றிப் பிம்பத்தின் கூர்மையைக் குறைக்கிறது. இக்குறையை நீக்கும் கட்டத் திருத்தப் பூச்சினை ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனம் 1988-இல் வெளியிட்டது. எனவே, விலை மிகக் குறைந்த கூரை முப்பட்டகக் கருவியைவிட, அதே விலையுள்ள போரோ வகைக் கருவி பெரும்பாலும் தெளிவாகக் காட்டும்.

எண்களின் பொருள்

கருவியின் மீது 8×25 என்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாம் எண் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். எட்டு மடங்கு உருப்பெருக்கமெனில், 160 மீட்டர் தொலைவிலுள்ள மான் 20 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணருகு லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இதனை ஒளிவட்டம் என்போம். கருவியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால், கண்ணருகு லென்ஸின் நடுவே மிதக்கும் வெளிச்சப் பொட்டே அது.

நம் கண்பாவை நண்பகல் ஒளியில் 2 அல்லது 3 மி.மீ. அளவிற்குச் சுருங்கியிருக்கும். மங்கிய ஒளியில் 5 மி.மீ. வரையிலும், இளைஞர்களுக்குக் காரிருளில் 7 மி.மீ. வரையிலும் விரியும். வயது ஏற ஏற, விரியும் அளவு குறைகிறது. ஒளிவட்டம் கண்பாவையைவிடச் சிறிதாயின், கண்ணின் வாயில் முழுவதும் நிறைவதில்லை, காட்சி இருளடையும். காட்டில் அதிகாலையில் நிற்கும் ஒருவரது கண்பாவை 5 மி.மீ. எனக் கொண்டு கணக்கிடுவோம்.

8×42: ஒளிவட்டம் 5.25 மி.மீ.; கண்பாவை முழுவதும் நிறைகிறது.
8×32: ஒளிவட்டம் 4 மி.மீ.; நிறையும் பரப்பு நூற்றுக்கு 64.
8×25: ஒளிவட்டம் ஏறத்தாழ 3.1 மி.மீ.; நிறையும் பரப்பு நூற்றுக்கு 39.
10×25: ஒளிவட்டம் 2.5 மி.மீ.; நிறையும் பரப்பு நூற்றுக்கு 25.

பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே இவ்வளவு பெரிய வேறுபாட்டிற்குக் காரணம். நண்பகலில், இந்நான்கு கருவிகளுக்குமிடையே வெளிச்சத்தில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கடைவீதியின் நல்ல ஒளியில் வாங்கிய சிறு கருவி, காட்டில் காலை ஆறு மணிக்கு ஏமாற்றமளிப்பது இதனாலேயே.

உருப்பெருக்கம் மிகுதல் நன்றா?

உருப்பெருக்கம் மிகுந்தால் தெளிவும் மிகும் என்பது பலரிடமும் காணப்படும் தவறான எண்ணம். கருவி மானை மட்டுமன்றி, கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெருக்குகிறது. சிறு கருவி எடை குறைந்ததாதலின், மூச்சின் அசைவிற்குக்கூட எளிதில் ஆடும். மேடேறி வந்து மூச்சிரைக்க நிற்கும் பணியாளருக்குப் பத்து மடங்கு கருவி காட்டுவதைவிட, எட்டு மடங்கு கருவி மிகுதியாகக் காட்டும்.

வணிக விளம்பரங்களில் அந்திக் குணகம் என்றோர் எண்ணைக் காணலாம். உருப்பெருக்கத்தையும் லென்ஸின் விட்டத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் அவ்வெண் கிடைக்கும். 8×25-க்கு இது 14.1, 10×25-க்கு 15.8. இதை மட்டும் நோக்கினால், பின்னதே அந்திக்கு ஏற்றதெனத் தோன்றும். ஆனால் அதன் ஒளிவட்டம் சிறியது என்பதை மேலே கண்டோம். எனவே, ஒளிவட்டத்தைப் பாராமல் இவ்வெண்ணை மட்டும் நம்புதல் கூடாது.

பார்வைப் புலமும் கண் தூரமும்

ஒரே நோக்கில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதே பார்வைப் புலம். இது பாகையிலோ, 1000 மீட்டர் தொலைவில் தெரியும் அகலமாகவோ குறிக்கப்படும். ஒரு பாகை ஏறத்தாழ 17.5 மீட்டருக்குச் சமம். 6.5 பாகை கொண்ட கருவியில், 1000 மீட்டரில் சுமார் 114 மீட்டர் தெரியும். ஆனால் 50 மீட்டர் தொலைவில் 6 மீட்டருக்கும் குறைவாகவே தெரியும். அடர்ந்த காட்டில் அசையும் விலங்கைக் கருவிக்குள் பிடிப்பதற்கு அகன்ற புலம் அவசியம்.

கண்ணருகு லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழுக்காட்சியும் தெரியுமோ, அது கண் தூரம் எனப்படும். மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு இது 15 மி.மீ. அளவிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இல்லையேல் காட்சியின் விளிம்புகள் மறையும். சிறு கருவிகள் பலவற்றில் இக்குறை உண்டு. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கருவியாயின், கண்ணாடி அணிபவரிடம் கொடுத்துச் சோதித்த பின்னரே வாங்குதல் நலம்.

கண்ணாடிப் பூச்சு

பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பியனுப்புகிறது. பத்துப் பரப்புகளைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். எஞ்சியதும் உட்சிதறலால் வெளிறிப்போகும். எல்லாப் பரப்புகளிலும் பல்லடுக்குப் பூச்சு இருப்பின், ஒரு பரப்பின் இழப்பு நூற்றுக்கு அரைப் பங்கு அளவிற்குக் குறையும். பத்துப் பரப்புகளைக் கடந்த பின்னும் நூற்றுக்கு 95 பங்கு எஞ்சும். வெளிப்பரப்பில் மட்டும் பூச்சிட்டு, உள்ளே பூசாது விட்ட கருவிகளும் உண்டு. லென்ஸ் முழுவதும் செக்கச்செவேலென மின்னும் கருவிகளைக் கண்டு மயங்குதல் கூடாது. திரும்பிவரும் அச்செவ்வொளி கண்ணை அடையாது இழந்த ஒளியேயாகும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

1. ஒளிவட்டத்தைப் பார்க்க. அது முழு வட்டமாக இருத்தல் வேண்டும். ஓரங்கள் சதுரம் போல் வெட்டுண்டு மங்கியிருப்பின், முப்பட்டகத்தின் கண்ணாடி தாழ்ந்த தரத்தது.

2. தொலைவிலுள்ள மின்கம்பியையோ கூரை விளிம்பையோ நோக்குக. பிறகு கருவியைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னுக்கு நகர்த்துக. கோடு இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாகத் தெரிந்தால், குழாய்களின் அச்சுகள் இணையாக இல்லை. அக்கருவி தலைவலியைத் தரும், அதனை விலக்குக.

3. வெளிர் வானத்தின் முன் நிற்கும் கிளையைப் பார்க்க. விளிம்பில் ஊதாவும் பச்சையும் மிகுதியாகத் தோன்றினால் லென்ஸின் தரம் குறைவு.

4. கீலை விரித்து மடக்கிப் பார்க்க. உரிய இடத்தில் நிற்காமல் தளர்ந்து சரியும் கீல் பயன்படாது. பிம்பம் இரு வட்டங்களாக அன்றி ஒரே வட்டமாக அமையும்வரை கண்களின் இடைவெளிக்கு ஏற்பச் சரிசெய்ய இயலுதல் வேண்டும்.

5. கடையின் இருண்ட மூலையிலுள்ள எழுத்துகளைப் படிக்க முயல்க. இயலுமாயின், மாலை மங்கும் நேரத்தில் கடைக்குச் செல்க.

கண்களுக்கு ஏற்பச் சரிசெய்தல்

வலக்கண் பக்கத்துக் குழாயை மூடி, இடக்கண்ணால் ஒரு பொருளை நோக்கி, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குக. பின்னர், இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்ணருகு வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குக. வளையம் நின்ற குறியை நினைவிற் கொள்க. ஒரே கருவியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், ஒவ்வொருவரும் தம் குறியைப் பணிக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்தல் நன்று.

பாதுகாப்பு

கருவியால் சூரியனை ஒருபோதும் நோக்குதல் ஆகாது. நொடிப்பொழுதிலும் பார்வை நிலையாகக் கெடும். இதனை மாணவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுதல் ஆசிரியரின் கடமை. மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். ஆகவே, நைட்ரஜன் வாயு நிரப்பி மூடப்பட்ட கருவி சிறந்தது. அஃதில்லையேல், கருவியைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைக்கலாம். தூசியை முதலில் ஊதி நீக்கி, அதன்பின் மென்துணியால் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைத்தால் மணல் துகள் பூச்சைக் கீறிவிடும்.

தேர்வின் முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு முடிவிற்கு வரலாம். பகலில் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காணும் பள்ளிக் குழுவிற்கு 8×25 கருவி போதும். 2 மீட்டர் அண்மையிலும் தெளிவு தருவதாயின் மேலும் நன்று. வைகறையில் காட்டுப்பாதையில் நடக்கும் களப்பணியாளருக்கு 8×32 பொருத்தமானது. இதன் எடை பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். நாள் முழுதும் கழுத்தில் தொங்கினும் துன்பம் தராது. ஓரிடத்தில் நிலையாக அமர்ந்து அந்திவரை கணக்கெடுப்போருக்கு 8×42 ஏற்றது. 10×25 வகையினைக் காட்டுப் பணிக்கு வாங்காதிருத்தலே நலம்.

வகுப்பறைச் சோதனைகள்

அ. எண்ணெய் தடவிய தாளைக் கண்ணருகு லென்ஸின் பின்னே பிடித்துக் கருவியைச் சூரியன் இல்லாத திசையிலுள்ள வானத்திற்கு நேரே காட்டுக. தாளை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சப் பொட்டின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துக. பொட்டின் விட்டம் ஒளிவட்டம். தாளுக்கும் லென்ஸிற்கும் இடைப்பட்ட தொலைவு கண் தூரம்.

ஆ. பொருளருகு லென்ஸின் விட்டத்தை அளவுகோலால் அளந்து, ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுக்க. கிடைப்பது உண்மையான உருப்பெருக்கம். சந்தைகளில் 30×60 என்னும் பொறிப்புடன் விற்கப்படும் மலிவான சிறு கருவிகளை இவ்வாறு சோதித்தால், பொறிப்பிற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி மாணவர்களுக்குப் புலப்படும்.

இ. ஒரு கண்ணால் குழாய் வழியாகவும், மறு கண்ணால் நேராகவும் தொலைவிலுள்ள செங்கற்சுவரை நோக்குக. பெரிதாகத் தெரியும் ஒரு செங்கல், நேராகத் தெரியும் எத்தனை செங்கற்களை மறைக்கிறது என எண்ணுக. இவ்வெண்ணும் சோதனை ஆ-வில் கிடைத்த விடையும் ஒத்திருத்தல் வேண்டும்.

வினாக்கள்

1. 7×35, 10×42 ஆகிய கருவிகளின் ஒளிவட்டங்கள் யாவை? அதிகாலைப் பணிக்கு எது ஏற்றது? காரணம் கூறுக.

2. ஐம்பது வயது கடந்த ஒருவரின் கண்பாவை 5 மி.மீ. வரையே விரியுமாயின், 7×50 கருவி திரட்டும் ஒளி முழுவதும் அவருக்குப் பயன்படுமா? கணக்கிட்டு விளக்குக.

3. உமது ஊரின் அருகிலுள்ள ஏரியிலோ தோப்பிலோ ஒரே மரத்தை நண்பகலிலும் அந்தியிலும் சிறு கருவியால் நோக்கி, கண்ட வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுக. தெளிவாகத் தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுதல் வேண்டும். நல்ல பதிவேட்டின் முதல் இலக்கணம் அதுவே.