தேக்கடிப் படகில் புலி தெரியுமா?

கேள்வி: பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளோடு தேக்கடி போகிறோம். படகில் போனால் யானை, புலி எல்லாம் பார்க்கலாம் என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: புலியை மறந்துவிடுங்கள் அம்மா. யானைகூட அன்றைய அதிர்ஷ்டம்தான். சீட்டுக்கு வரிசையில் நின்று, ஒன்றரை மணி நேரம் படகில் போய், தூரத்துக் கரையில் நாலு மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். அந்தப் படகுச் சவாரிக்கு இத்தனை பேரும் புகழும் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

அந்த ஏரியில் பார்க்க வேண்டியது வேறு. தண்ணீருக்கு மேலே கரிய பட்டமரங்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். நீர்க்காகங்கள் அவற்றில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அந்த மரங்கள். அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து நம் பக்கம் வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

தேக்கடியை ஒட்டிய குமுளியோடு திரும்பிவிடாதீர்கள். மலையிறங்கினால் லோயர் கேம்ப். அந்தத் தண்ணீரைச் சுமந்து சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களும், அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபமும் அங்கே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்புறம் கம்பத்தைச் சுற்றி பன்னீர் திராட்சைப் பந்தல்கள். குனிந்து உள்ளே போனால் வெயில் அடங்கிவிடும். கொத்தைத் தொட்டால் மேலிருக்கும் வெண்பூச்சு விரலில் ஒட்டும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பழத்தை அவரிடமே வாங்குங்கள்.