முந்திப் பிறந்த குழந்தை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. கண், மூக்கு, நிறம் இவற்றில் மட்டும்தானா? தாய் கர்ப்பமாயிருக்கும்போது பட்ட துன்பமும் பிள்ளையின் உடலில் பதியுமா? ஓரளவு பதியும் என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஆனால் இதை அரைகுறையாகக் கேட்டவர்கள் தாயின் மீது பழி போடத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகையால் தோழியரே, சற்று நிதானமாகவே பார்ப்போம்.

கரு தாயின் வயிற்றில் ஏறக்குறைய 40 வாரம் வளர வேண்டும். 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. 1844இல் தொடங்கப்பட்ட நம் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் இத்தகைய சிசுக்களை அன்றாடம் காணலாம்.

அறிவியல் வகுப்பில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று படித்தோமல்லவா? முன்னது இதயத்தை விரைவுபடுத்தும். பின்னது அதை அடக்கி அமைதிப்படுத்தும். கருவில் விரைவுபடுத்தும் பகுதி முன்னதாக வளர்ந்துவிடுகிறது. அடக்கும் பகுதி, முக்கியமாக வேகஸ் நரம்பு, கடைசி வாரங்களில்தான் நன்கு முதிர்கிறது. ஆகவே முந்திப் பிறந்த குழந்தையின் நிலை, பிரேக் சரியாகப் பூட்டாத சைக்கிளில் அடையாறு திரு.வி.க. பாலத்திலிருந்து இறங்குவதைப் போன்றது! இரத்தப் பரிசோதனைக்காகக் குதிகாலில் ஊசி குத்தினால் அதன் இதயம் படபடவென்று அடிக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். தோலின் நிறம் மாறும். விரல்களை அகல விரிக்கும், விக்கல் எடுக்கும், கொட்டாவி விடும். "என்னால் தாங்க முடியவில்லை" என்பதற்கு அதன் பாஷை இது. மிகவும் பிஞ்சாக இருந்தால் அழக்கூட அழாது. என் சித்தியின் குழந்தை 32 வாரத்தில் பிறந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்த உறவினர்கள், "எவ்வளவு சமர்த்து, அழவே இல்லையே!" என்று மெச்சினார்கள். அதற்கு அழப் பலமில்லை என்று நர்ஸ் அம்மாதான் விளக்கினார்.

இனி, பிறப்பதற்கு முன் நடப்பது என்ன? மனம் கலங்கும்போது நம் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கருவுற்ற தாயிடம் அது சுரந்தால், நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி காவற்காரனைப் போல் நின்று பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடும். இருந்தும் சிறு பங்கு கருவைச் சேர்ந்துவிடுகிறது. (கார்ட்டிசோலை விஷம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த மருந்தைத் தாய்க்கு ஊசியாகப் போட்டால் சிசுவின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்று 1972இல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் காட்டினார்கள். அளவும் காலமும்தான் முக்கியம்.)

2011இல் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பகாலத்தில் கார்ட்டிசோல் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகள், குதிகாலில் குத்தியபோது தாமும் கூடுதலாகக் கார்ட்டிசோல் சுரந்தன. அவை நிறைமாதக் குழந்தைகள். பிரேக் முதிராத குறைமாதச் சிசுவுக்கு இந்தச் சுமையும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிப்புயலால் பல வாரங்கள் மின்சாரமின்றித் தவித்த கர்ப்பிணிகளின் குழந்தைகளைச் சூசன் கிங் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் கவனித்தார். மிகுந்த கஷ்டப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் இரண்டு வயதில் மொழித்திறனில் சற்றுப் பின்தங்கியிருந்தன. இதைப் படித்தபோது எனக்கு 2015 டிசம்பர் வெள்ளம்தான் நினைவில் நின்றது. அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கிய அந்நாட்களில் மொட்டை மாடிகளில் எத்தனை கர்ப்பிணிகள் காத்திருந்தார்களோ!

வெள்ளத்துக்கும் புயலுக்கும் தாயா பொறுப்பு? பசிக்கும், வீட்டில் விழும் அடிக்கும் அவளா காரணம்? "நீ கவலைப்பட்டதால்தான் பிள்ளை முந்திப் பிறந்தது" என்று சித்தியிடம் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். இது அநியாயம். கிருமித் தொற்று, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு என்று குறைப்பிரசவத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பல சமயம் காரணமே தெரிவதில்லை. அன்றாடக் கவலை பிள்ளையைக் கெடுப்பதில்லை. அப்படிச் சொல்லிக் குத்துவதுதான் தாய்க்குப் புதிய கவலை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நம் அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தரும் உதவித்தொகை, என் எண்ணத்தில், நரம்புக்கும் ஒரு மருந்துதான்.

பிறந்த பிறகும் பாதை அடைபடுவதில்லை. 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாததால், டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா சிசுக்களைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். தாயின் சூட்டிலும் நெஞ்சொலியிலும் சிசுவின் இதயத்துடிப்பும் மூச்சும் சீராகின்றன. பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: 28 நாட்களுக்குள் இறந்த சிசுக்கள் நூற்றுக்கு 15.7லிருந்து 12 ஆகக் குறைந்தன.

தந்தையும் இதைச் செய்யலாம். சித்தி களைத்த வேளைகளில் சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பாட்டிக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. இரண்டாம் வாரத்தில், "துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுடா" என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.