இரண்டு வால்வு செட்டும் ஒரு கீபோர்டும்

மஸ்கெலியா

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாமிமலைப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விட்டவர் கடையை மூடும்போது, மூலையில் கிடந்த இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபையரையும் விலை பேசி வாங்கிவிட்டாய். கீபோர்டின் எலெக்ட்ரிக் பியானோ சத்தத்தை இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று அவற்றில் விட்டால் எடுபடுமா என்று கேட்கிறாய். எடுபடும். இரண்டும் ஒரே மாடல் என்பதால் பாதி வேலை குறைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள். அந்தச் செட்டுகள் திருவிழாவுக்கென்று செய்தவை. கோயிலில் அறிவித்தால் எதிர்மலை லயத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும், அதற்குக் குழாய் ஸ்பீக்கரும் மனிதக் குரலும் போதும். உனக்கு வேண்டியது ஓர் அறைக்குள் பியானோவின் அடித்தொண்டை வரை பிசிறில்லாமல் கேட்பது. ஆகவே உன் வேலையில் பெரும்பகுதி குறைக்கிற வேலைதான். சத்தத்தைக் கூட்டுவதற்காகத் திறப்பவர்கள்தான் நல்ல செட்டைக் கெடுப்பார்கள்.

வேறு காரியத்துக்குச் செய்த பொருளைப் பாட்டுக்குத் திருப்புவது நம் ஊருக்குப் புதிதில்லை. 1920களின் தொடக்கத்தில் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தில் எட்வர்ட் ஹார்ப்பரின் ஆட்கள், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கம்பியில்லாக் கருவிகளைப் பிரித்து ஒலிபரப்பிக் கருவி கட்டி, இசைத்தட்டு போட்டுப் பார்த்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கதை. ஹரல்ட் ரோட்ஸ் என்ற பியானோ வாத்தியார், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்களுக்காக, பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி மடியில் வைத்து வாசிக்கும் சின்னப் பியானோ செய்தார். உன் கீபோர்டில் எலெக்ட்ரிக் பியானோ என்று பொத்தானை அழுத்தினால் வருவது பெரும்பாலும் அவருடைய பிற்காலப் பியானோவின் நகல்தான்.

அந்த ரோட்ஸ் பியானோவில் தந்தி கிடையாது. சின்னச் சுத்தியல் ஒன்று இரும்புக் கம்பியைத் தட்டும், கம்பி அதிர்வதைக் காந்தச் சுருள் கரண்டாக மாற்றும். 1970 வாக்கில் வந்த சூட்கேஸ் மாடலில் சத்தம் இடமும் வலமுமாக அலையும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். இத்தனைக்கும் அதற்குள் இருந்தது ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர். வால்வு ருசி வேண்டியவர்கள் ஆம்ப்ளிஃபையர் இல்லாத மாடலை வாங்கி, ஃபெண்டர் ட்வின் போன்ற வால்வு செட்டில் மாட்டினார்கள். இந்த அலைச்சல் உன் கீபோர்டின் இடம் வலம் இரண்டு வாயிலிலும் ஏற்கெனவே வருகிறது. தனியாக எந்தச் சர்க்கிட்டும் கட்ட வேண்டாம்.

இனி செட்டுக்கு வருவோம். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டிசி ஓடும். ப்ளக்கைக் கழற்றினாலும் பெரிய கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நல்ல உறை போட்ட வயர் வைத்து, கண்டென்சருக்கும் சேஸிக்கும் இடையில் கொஞ்ச நேரம் பிடி. பிறகு மீட்டரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதைப் பார். பார்க்காமல் கை வைக்காதே. வீட்டில் ஆள் இல்லாதபோது மூடியைக் கழற்றாதே.

முதல் மாற்றம் கரண்ட் வயர். பழைய இரண்டு வயர் கோட்டை எடுத்துவிட்டு மூன்று வயர் போட்டு, ஏர்த்தைச் சேஸியில் தனித் திருகாணியில் இறுக்கு. மெயின் வயரிலிருந்து சேஸிக்குப் போகும் சின்னக் கண்டென்சர் இருந்தால் வெட்டி எடு. அது பழுதானால் சேஸி முழுக்கக் கரண்ட் ஏறும். ட்ரான்ஸ்போமரில் 220, 240 என்று தட்டுகள் இருக்கும். தோட்டத்துக் கடைசி லயத்தில் மாலையில் வோல்ட் இறங்கி, நடுராத்திரி ஏறும். இரண்டு நேரமும் அளந்துவிட்டுத் தட்டைத் தீர்மானி.

அடுத்தது கண்டென்சர்கள். மஸ்கெலியா மழை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய பேப்பர் கண்டென்சர், திறந்து வைத்த தேயிலைத்தூள் மாதிரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெழுகு வியர்த்து, பழுப்பு நிறமாக, விரலில் பிசுபிசுக்கும். அது முன்வால்வின் டிசி வோல்ட்டைக் கசியவிட்டால் அவுட்புட் வால்வின் தகடு சிவந்து எரிந்துபோகும். அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவிட்டு, செட்டைப் போட்டு, ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவற்றின் கிரிட் முனையில் மீட்டரை வைத்துப் பார். கேதோடு ரெசிஸ்டரால் பயஸ் எடுக்கும் செட்டானால் அங்கே சுழியம்தான் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் ப்ளஸ் காட்டினாலும் அந்தக் கண்டென்சரை மாற்று. நான் இரண்டு செட்டிலும் எல்லாப் பேப்பர் கண்டென்சரையும் மாற்றச் சொல்வேன்.

பவர் சப்ளையில் 16 மைக்ரோஃபரட் இருந்த இடத்தில் 22 போடலாம். "பெரிசா போட்டா இரைச்சல் குறையும்" என்று 100 போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதே. ஈஇசட் 81 ரெக்டிஃபையர் வால்வுக்கு முதல் கண்டென்சர் 50தான் உச்சம், ஜிஇசட் 34க்கு 60. தாண்டினால் வால்வின் ஆயுள் போகும். கண்டென்சரின் வோல்ட் அளவு பழையதைவிடக் குறையவும் கூடாது.

முதல்முறை போடும்போது 60 வாட் இழை பல்பு ஒன்றை சீரியஸில் மாட்டு. பளிச்சென்று எரிந்து, மெல்ல அடங்கிச் செம்மஞ்சளில் நின்றால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே அணை. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டைப் போடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் பழுதாகிவிடலாம்.

இதன் பிறகுதான் ருசி. கீபோர்டை மைக் வாயிலில் குத்தாதே. அங்கே மிக மெல்லிய சத்தத்துக்குத்தான் இடம் உண்டு. இசைத்தட்டுக்கான வாயிலில் குத்து. அப்போதும் நொறுநொறுவென்று வந்தால் இசிசி 83 வால்வை எடுத்து இசிசி 82 போட்டுப் பார். கால்கள் ஒன்றேதான், பெருக்கம் மட்டும் 100இலிருந்து 17க்கு இறங்கும். ஈயம் தொடாமல் செய்யக்கூடிய இந்த ஒரு மாற்றம், ஆயிரம் ரிப்பேரைவிட நன்றாகச் சத்தத்தைத் துலக்கிவிடும்.

61 கட்டைக் கீபோர்டின் இடக்கோடிக் கட்டை 65 ஹெர்ட்ஸ். மைக் செட்டின் அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு இரும்பு போதாது. இடக்கையை ஓங்கி வைத்தால் எல்லாம் கலங்கும். நடுவிலுள்ள இணைப்புக் கண்டென்சர் 0.1 மைக்ரோஃபரட் என்றால், 220 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 0.01 போட்டுப் பார். 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல அடங்கும், மேலே தெளியும். இரண்டு செட்டிலும் ஒரே அளவு போடு, இல்லாவிட்டால் இடமும் வலமும் வேறு வேறு நிறமாகும்.

குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். 12 அங்குலப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு எடு. 8 ஓம் ஸ்பீக்கரை 100 வோல்ட் லைன் முனையில் மாட்டாதே. 25 வாட் செட்டானால் அந்த முனை 400 ஓம் எதிர்பார்க்கும். இரண்டும் ஒரே திசையில் அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னால் வரும் முனையில் சிவப்பு நூல் கட்டிவிடு. செட்டோடு மாட்டிய பிறகு கீழ்க்கட்டை ஒன்றை அழுத்தி, ஒரு ஸ்பீக்கரின் வயரை மாற்றி மாற்றிப் பார். எந்த இணைப்பில் அடிச்சத்தம் நிறைகிறதோ அதுவே சரி. இதைச் செய்யாமல் ஸ்டீரியோ என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம்.

இரண்டு செட்டையும் சேர்த்தவுடன் ம்ம்ம் என்று இரையலாம். இரண்டு ஏர்த்தும் கீபோர்டு வயர் வழியாக வளையம் போடுவதால் வருவது அது. ஒரு பக்கத்தின் ஒலி வயரில் மட்டும் 1:1 ஆடியோ ட்ரான்ஸ்போமர் போட்டால் போய்விடும். ஏர்த் வயரை வெட்டினாலும் இரைச்சல் போகும், ஆளும் போவான். வெட்டாதே.

பங்குனி, சித்திரையில் இடி இறங்கும் நாட்களில் வாசித்து முடித்ததும் ப்ளக்கைக் கழற்றி வை.

இப்போதைக்கு எதையும் திறந்து கிளறாதே. மேல்மூடியை மட்டும் கழற்றி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, வால்வுகளின் மேல் அச்சடித்த எழுத்தையும் ட்ரான்ஸ்போமர் முனைகளில் எழுதியிருப்பதையும் அப்படியே எழுதி அனுப்பு. அதைப் பார்த்த பிறகு கண்டென்சர் பட்டியல் போட்டுத் தருகிறேன். மூன்று வயர் கோடு போடும்வரை இரண்டு செட்டையும் கரண்டில் மாட்ட வேண்டாம்.

அன்புடன்,
உன் மாமா