வண்டி வீடும் மறைந்துறையும் ஈரமும்

வீடென்பது ஓரிடத்தே நிலைத்து நிற்பது. வண்டியென்பது ஓரிடத்தும் நில்லாது செல்வது. தம்முள் மாறுபட்ட இவ்விரண்டையும் ஒன்றாக்கி அமைத்த பொருளொன்று மேனாடுகளில் நெடுங்காலமாய் வழங்கிவருகின்றது. அதனை ஆங்கிலேயர் கேரவன் என்பர். அமெரிக்கர் கேம்பர் என்றும் டிரெய்லர் என்றும் கூறுவர். நம்மவரோ திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடையே இளைப்பாறும் வண்டியென்றே அதனைப் பெரும்பாலும் அறிவர். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலையொன்றில், குதிரைகள் இழுக்கும் வண்டி வீடொன்றைச் செய்வித்து, இங்கிலாந்தினின்றும் ஸ்காட்லாந்து வரை அதிலேயே பிரயாணஞ் செய்தார். உல்லாசப் பிரயாணத்திற்கென்றே செய்யப்பட்ட கேரவன்களுள் அதுவே முதலாவதென்பர்.

இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஓய்வுபெற்ற முதியோர் சிலர் தாம் வாழ்ந்த வீட்டை விற்று, அப்பொருள் கொண்டு இத்தகைய வண்டியொன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் அதிலேயே வசிக்கின்றனர். அவர்கட்கு அதுவே இல்லம், அதுவே சேமநிதி. அந்நிதியை ஓசையின்றிக் கவர்வது கள்வனன்று. கூரையில் மயிரிழை போன்ற வெடிப்பின் வழியே இறங்கும் மழைத்துளியேயாம். அத்துளி புகும் வழியையும், மறைந்திருந்து செய்யும் கேட்டையும், அதற்குரிய பரிகாரத்தையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நிலத்தின்மேற் கட்டிய வீடு அசைவதில்லை. வண்டி வீடோ ஒவ்வொரு பிரயாணத்திலும் சிறியதொரு பூகம்பத்திற்கு உட்பட்டாற்போலக் குலுங்குகின்றது. அதனோடு வெயிலும் குளிரும் மாறிமாறி அதன் உறுப்புக்களை நீட்டியும் சுருக்கியும் அலைக்கின்றன. 20 அடி நீளமுள்ள அலுமினியத் தகடு, வெப்பம் சென்டிகிரேடு அளவில் 30 பாகை ஏறுமிடத்து, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அதனைத் தாங்கும் மரச்சட்டமோ அதில் ஐந்திலொரு பங்கும் நீளாது. இரண்டும் திருகாணியாற் பிணிக்கப்பட்டிருத்தலின், இடையிலுள்ள அடைப்புப் பசை நாடோறும் இழுபட்டுச் சில ஆண்டுகளிற் பிளவுறுகின்றது. கூரையிலோ காற்றுப்போக்கிக்கும், கழிநீர்க் குழாயின் ஆவி வெளியேறுதற்கும், குளிர்சாதனத்திற்குமாகப் பல துளைகள் வெட்டப்பட்டிருக்கும். குளிர்சாதனம் ஒன்றற்கே ஏறக்குறைய 14 அங்குலச் சதுர வாயில் வேண்டும். ஓடுகின்ற கூரையில் இத்துணை வாயில்களைத் திறந்துவிட்டு, ஓரங்களிற் சிறிது பசையைப் பூசி, மழை புகாதென்று கவலையற்றிருக்கும் மனிதர் துணிவை என்னென்பது!

நீர் புகுதல் ஒரு தீங்கு. புகுந்தமை தெரியாதிருத்தல் அதனினும் பெருந்தீங்கு. இதற்குக் காரணம் சுவரின் அமைப்பிலேயே உளது. பழைய முறையில், மரச்சட்டங்களுக்கு வெளியே நெளிவுள்ள அலுமினியத் தகடும், உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகையும், இடையே வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியிழைப் பஞ்சும் அமையும். புதிய முறையில், கண்ணாடியிழைத் தகடு, ஒட்டுப்பலகை, நுரைப்பலகை ஆகியவற்றை அடுக்கிப் பசையால் ஒட்டி ஒரே பலகையாக்குவர். முன்னதிற் புகுந்த நீரைப் பஞ்சு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்னதில் பசை விட்டு வெளித்தகடு கொப்புளம்போல எழும்பும். எழும்பியபின் அதனைப் பழைய நிலைக்குக் கொணர்தல் மிக அரிது. கனடாவில் வின்னிபெக் நகரத்தார் ஒருவர், 1968-இல், முட்டையோடு போன்ற இரண்டு கண்ணாடியிழைப் பாதிகளைப் பொருத்திச் சிறு வண்டியொன்றை அமைத்தார். மூட்டுக்கள் குறைந்தமையின் அதில் நீர் புகும் வழிகளுங் குறைந்தன. ஆயினும் ஜன்னலும் காற்றுப்போக்கியும் அதற்கும் உண்டன்றோ?

கூரையின் முன்மூலையிற் புகுந்த துளி சட்டத்தின் வழியே ஓடிப் பல அடிக்கப்பால், கட்டிலின் கீழ்த் தரையில் வெளிப்படும். ஆதலின் கறைக்கு நேர்மேலே துளையைத் தேடுவோர் ஏமாறுவர். வண்டி நிறுத்தப்பட்டிருந்த காலத்து எப்பக்கம் சாய்ந்திருந்ததென்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மரம் ஈரத்தால் மட்டும் மட்குவதன்று. ஈரத்தில் வளரும் காளானினமே அதனை உண்கின்றது. உலர்ந்த மரத்தின் நிறையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாக ஈரம் இருப்பின் அக்காளான் வளராது. ஈரம் ஏறக்குறைய 30 பங்கை எட்டி, இளஞ்சூடும் காற்றும் கூடுமாயின் அது செழித்துப் பரவும். மூடிய சுவரினுள்ளே இவை யாவும் வேண்டியவாறு கிடைக்கின்றன. மரம் மட்கவே திருகாணியின் பிடி தளரும். பிடி தளரவே தகடு விலகும். விலகிய வழியே மேலும் நீர் புகும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல் வளர்வது இக்கேடு. அன்றியும், ஈரத்திற் படரும் பூஞ்சணம் ஆஸ்துமா உள்ளோர்க்கு மூச்சிடர் விளைவிக்கும்.

மழையொன்றே ஈரத்திற்குக் காரணமென்று கருதலாகாது. 1 கிலோகிராம் புரோப்பேன் வாயு எரியுங்கால், ஏறக்குறைய 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகின்றது. குளிரிரவில் ஜன்னலையெல்லாம் அடைத்து உள்ளே அடுப்பெரிப்போர், அந்நீரனைத்தையும் தம் சுவரிலும் மெத்தையின் அடியிலும் படியவிடுகின்றனர். பின்னர்க் கூரை ஒழுகுகின்றதென்று மேலேறிப் பசை பூசுவர். மழையற்ற நாளிலும் விடியற்காலையில் ஈரங் காணின், வேண்டுவது பசையன்று, காற்றோட்டமே. இனி, எக்குழாயும் திறவாதிருக்க, நீரேற்றும் சிறு பம்பு தானே ஓடி ஓடி நிற்குமாயின், பெரும்பாலும் உட்குழாயிற் கசிவுண்டு. கடுங்குளிரில் நீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு பருத்தலின், குழாயில் நீரை விட்டுவைத்தவர் வசந்தத்தில் இக்குறியைக் காண நேரிடும்.

மறைந்த ஈரத்தைக் காண்டற்கு முதற்கருவி கையே. மூலைகளையும், ஜன்னலின் கீழ்ப்பகுதியையும், அலமாரியின் உட்புறத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல பலகை எதிர்த்து நிற்கும், மட்கியது உட்குழியும். இரண்டு ஊசிகளை மரத்திற் குத்தி மின்தடையை அளந்து ஈரத்தைக் காட்டும் கருவியும் உண்டு. நனைந்த மரம் மின்சாரத்தை எளிதிற் கடத்தும் என்பதே அதன் தத்துவம். ஊசி உலோகத்தைத் தொடுமாயின் கருவி பொய்யுரைக்கும். துளை புலப்படாவிடின், கதவு ஜன்னல்களை அடைத்து, விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளிமூட்டுக்களிற் சோப்பு நீரைத் தடவுவர். எங்கே குமிழி எழுகின்றதோ அங்கே வழியுளது. நீரை வெளியினின்று தெளித்து உள்ளே காத்திருப்பதினும் இதுவே மேலென்பது நம் கருத்து.

பழுது நீக்குங்கால் பலரும் செய்யும் பிழை, பழைய பசையின்மேற் சிலிக்கோனைப் பூசிவிடுதல். கூரையின் ரப்பர் விரிப்பில் அது நன்கு பற்றாது. பின்னர்ப் பூசும் வேறு பசையையும் பற்றவிடாது. ஓரச்சட்டத்தைக் கழற்றி, பழைய பசையை முற்றுஞ் சுரண்டி, அடியிற் பியூட்டைல் நாடாவை இட்டு, துருவேறிய திருகாணிகளை மாற்றி, அதன்பின் விரிப்பிற்கேற்ற பசையால் மேலே மூடுவதே முறை. வெளிவழியை அடைத்த பின்னரும் உட்பலகையை உடனே பொருத்தலாகாது. அதனைத் திறந்துவைத்து, நனைந்த பஞ்சை எறிந்து, மட்கிய மரத்தை நல்ல மரம் தெரியுமளவும் வெட்டி நீக்கி, எஞ்சியது ஊசிக்கருவியில் 20-க்கு நன்கு கீழ்ப்படும்வரை காற்றோட்டத்தில் உலரவிடவேண்டும். இதற்குச் சில வாரங்களுஞ் செல்லும். அவசரத்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவோர், காளானுக்கு வீடு கட்டிக் கொடுத்தவராவர்.

பழைய வண்டியை விலைக்கு வாங்குவோர், மழை பெய்த மறுநாளிற் சென்று பார்ப்பது நலம். உட்சுவரில் ஒரு மூலைமட்டும் புதுவண்ணம் பெற்று விளங்குமாயின் அங்கேயே முதலில் விரலை வைத்து அழுத்துக. நறுமணத் தைலம் மிகுதியாகத் தெளிக்கப்பட்டிருப்பின், அலமாரிகளைத் திறந்து மோந்து பார்த்த பின்னரே விலை பேசுக.