எளிய மொழியைக் கையில் எடுத்த பிள்ளைக்கு

கண்ணு, பைத்தானில்தான் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லும்போது உன் குரல் தாழ்ந்தது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் தவறு செய்து கற்றதில் சிலவற்றை உனக்கு எழுதுகிறேன்.

1. மொழியின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதே. கீடோ வான் ராஸம் பைத்தானை 1991இல் வெளியிட்டார். அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஏபிசி என்ற மொழியை உருவாக்கும் வேலையில் இருந்தார். நிரலாளர் அல்லாதவர்களும் எழுதட்டும் என்று பிறந்த மொழி அது. அந்த எளிமை பைத்தானுக்குத் தாய்வீட்டுச் சீதனம். இன்ஸ்டாகிராம் வளர்ந்தது பைத்தானில்தான். சி++ தெரிந்த கர்வத்தில் நான் ஒரு பையனிடம், "இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொழி" என்றேன். நான் மூன்று வாரம் இழுத்த வேலையை அவன் நான்கு நாளில் முடித்தான். பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. நீ அப்படி இருக்காதே.

2. நிரல் ஓடியதும் எழுந்துவிடாதே. எழுதிய பெயர் சரியா என்று இந்த மொழி அந்த வரி ஓடும்போதுதான் பார்க்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பகுதியில் ஒரு பெயரை எழுத்துப்பிழையோடு விட்டிருந்தேன். சம்பளக் கணக்குப் போடும் இரவில் எல்லாம் நின்றது. அரிதாக ஓடும் பகுதிக்கே முதலில் டெஸ்ட் எழுது.

3. பிழையை விழுங்காதே. இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெறும் 'எக்செப்ட்' போட்டு அதன் கீழே 'பாஸ்' என்று எழுதினால் எந்தப் பிழையும் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த இரண்டு வரியை எழுதினேன். 11 நாள் சில ஆர்டர்கள் பதிவாகவே இல்லை. ஒரு வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அன்று பணியில் இருந்த பெண்ணைத் திட்டினார்கள். அது என் வரி என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலைவரை வாய் திறக்கவில்லை. ஆர்டர்களைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். அவள் மட்டும் என்னிடம் பழையபடி பேசவே இல்லை. எதிர்பார்க்கும் பிழையை அதன் பெயர் சொல்லிப் பிடி. மற்றது வெளியே வரட்டும். தவறு உன்னுடையது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சொல்.

4. காசுக் கணக்கில் ஃப்ளோட் வேண்டாம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். காசுக் கணக்குக்கென்றே டெசிமல் இருக்கிறது.

5. தள்ளிப்போடாதே. ஊறப்போட்ட வேலை புளிக்கத்தான் செய்யும். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1இல். அத்தனை அவகாசம் இருந்தும் கடைசி ஆண்டில்தான் பழைய நிரல்களை மாற்றத் தொடங்கினேன். 7ஐ 2ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. இப்படி ஓசையில்லாமல் மாறிய கணக்குகளைத் தேடியே இரவுகள் கழிந்தன.

6. உனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரை நினைத்துப் பெயர் வை. 'டேட்டா2' என்றால் அவருக்கு என்ன புரியும்?

நீ அனுப்பிக் காட்டிய நிரலைப் படித்தேன், தெளிவாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது கோப்பில் ஒரு வெறும் 'எக்செப்ட்' இருக்கிறது. அதை இன்றே திருத்திவிடு, கண்ணு.