பறவைக் காய்ச்சல் வைரசும் பெயர் சூட்டும் முறையும்

(இளம் அறிவியல் - விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

2021 ஜனவரியில் எங்கள் வீட்டுக் கோழிகள் பதினேழும் ஒரே வாரத்தில் மடிந்தன. கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் பறவைக் காய்ச்சலால் இறந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் கோழிகளுக்கும் அதே நோய்தான் என்று ஊரார் முடிவு கட்டினர். மிச்சமிருந்த முட்டைகளை வாங்கவும் ஆளில்லை. பின்னர் வந்து சோதித்த கால்நடை மருத்துவர், இது வெள்ளைக் கழிச்சல் என்றும், தடுப்பூசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் கூறினார். "பேரு தெரிஞ்சு இப்ப என்ன செய்ய?" என்று என் தாய் கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி விலங்கியல் பயிலும் நான், அவ்வினாவிற்கு இங்கே விடை காண முயல்கிறேன்.

ஊர்ப் பெயரால் வந்த குழப்பம்

வெள்ளைக் கழிச்சலை நம் நாட்டில் 'ராணிக்கெட் நோய்' என்பர். ராணிக்கெட் இமயமலைச் சாரலில் உள்ள ஊர். இதே நோயை மேனாட்டார் இங்கிலாந்து நகரொன்றின் பெயரால் 'நியூகாசில் நோய்' என்பர். நோய் ஒன்று, பெயர் இரண்டு! பறவைக் காய்ச்சல் இதனின் வேறுபட்டது. அதிலோ இடர்ப்பாடு நேர்மாறானது. ஒரே பெயருக்குள் பல வைரஸ்கள் அடங்கியுள்ளன.

எச்சும் என்னும்

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்புளுயன்சா 'ஏ' வகை வைரஸ். இதன் மேற்பரப்பில் இரு புரதங்கள் உள்ளன. ஹீமாக்ளுட்டினின் (எச்) வைரஸ் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. நியூராமினிடேஸ் (என்) புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட்டு வெளியேற உதவுகிறது. பறவைகளில் நெடுநாளாக அறியப்பட்டவை 16 எச் வகைகளும் 9 என் வகைகளும் ஆகும். இவற்றின் சேர்க்கையே எச்5என்1, எச்5என்8 போன்ற பெயர்கள்.

ஒவ்வொரு வைரசுக்கும் முழுப்பெயரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1980இல் திருத்தியமைத்த முறை இது. 'ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996 (எச்5என்1)' என்ற பெயரைப் பாருங்கள். வகை, உயிரினம், இடம், மாதிரி எண், ஆண்டு ஆகிய யாவும் இதில் வரிசையாக உள்ளன. அஃதாவது 1996இல் தென்சீனத்தின் குவாங்டாங்கில், கூஸ் எனும் பெருவாத்திடமிருந்து பெறப்பட்டது. வைரஸ் மனிதரிடம் கிடைத்ததாயின் உயிரினத்தின் பெயர் விடப்படும்.

கிளைகளின் தோற்றம்

இந்தப் பெருவாத்து வைரசின் வழித்தோன்றல்களே பின்னர் உலகை அச்சுறுத்தின. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி, அறுவர் உயிரைக் குடித்தது இந்த எச்5என்1 இனமே. ஆர்.என்.ஏ. வைரஸ் பெருகும்போது படியெடுப்பில் பிழைகள் நேர்கின்றன, அவை திருத்தப்படுவதில்லை. மேலும் இதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இருவேறு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிக் கலக்கின்றன. ஆகவே பிள்ளைகள் பெற்றோரைப் போல் இருப்பதில்லை.

முதலில் இக்கிளைகளை 'புஜியான்', 'சிங்காய்' என்று சீன இடப்பெயர்களால் அழைத்தனர். ஆய்வகத்துக்கு ஆய்வகம் பெயர் மாறியது. குறிப்பிட்ட இடங்களுக்கும் இழுக்கு நேர்ந்தது. எனவே 2008இல் உலக சுகாதார நிறுவனமும், கால்நடை நலம், உணவு ஆகியவற்றிற்கான உலக அமைப்புகளும் கூடி எண் முறையை வகுத்தன. எச் மரபணுவை ஒப்பிட்டு, ஒரு கிளைக்குள் சராசரி வேறுபாடு 1.5 விழுக்காட்டிற்குள்ளும், கிளைகளுக்கிடையே அதற்கு மேலும் இருக்க வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று.

0 முதல் 9 வரை பத்து முதற்கிளைகள். இரண்டாம் கிளை பிரிந்தால் 2.1, 2.2, 2.3, அதன் பின் 2.3.4, பின்னும் பிரிந்து 2.3.4.4. அதற்கும் கீழே எழுத்துகள். இன்று பல கண்டங்களில் பரவியுள்ள கிளை 2.3.4.4பி. நம் கிராமங்களில் பாட்டனார் பெயரைச் சொல்லிப் பங்காளிகளை அடையாளம் காண்பதைப் போன்றதே இது.

இதனால் பயன் என்ன?

2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாபூரில் கோழிகளைத் தாக்கியது எச்5என்1. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டறியப்பட்டதும் எச்5என்1. பெயர் ஒன்றே ஆயினும் முன்னது 2.2 கிளை, பின்னது 2.3.4.4பி. எச்5என்8 எனப் பெயர் பெற்றவற்றுள் சிலவோ பின்னதற்கு நெருங்கிய பங்காளிகள்! எச், என் எண்களை மட்டும் நம்பினால் உறவினரை அயலாராகவும், அயலாரை உறவினராகவும் கொள்வோம். ஒரு கிளைக்கெனச் செய்த தடுப்பு மருந்து மற்றொரு கிளைக்கு நன்கு பயன்படாமற் போகலாம். ஆதலால்தான் தடுப்பு மருந்துக்கான வைரசைக் கிளை பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

முடிவுரை

பெயர் தெரிந்ததால் மடிந்த பதினேழு கோழிகள் மீளவில்லை. ஆனால் அதற்குப் பின் வாங்கிய குஞ்சுகளுக்கு, முகாம் நடக்கும் நாளறிந்து தடுப்பூசி போட என் தாய் தவறியதில்லை. நோயின் சரியான பெயர், அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லும். அன்று என் தாய் கேட்ட வினாவிற்கு நான் கண்ட விடை இதுவே.