விடைக்கு முன் வினா

எங்கள் பள்ளியில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடுகிறோம். படம் முடியுமுன் மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. “பொறுங்க சார், என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போறோம்” என்பார்கள். என் அறிவியல் பாடவேளையில் ஒருநாளும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இது மனத்தை உறுத்தியது.

அப்போது ‘அந்த நாள்’ நினைவுக்கு வந்தது. எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த ஏ.வி.எம். படம். பாடலே கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் நடித்த கதாநாயகன் இறந்துவிடுகிறான். சுட்டது யார்? துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, நம் சந்தேகமும் ஆள் மாறிக்கொண்டே போகிறது. விடையை நானும் இங்கே சொல்லப் போவதில்லை!

இப்படத்திலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொண்டேன். வினா முதலில் வரவேண்டும். தடயங்கள் சிறுகச் சிறுக வரவேண்டும். பார்ப்பவர் தாமே ஊகிக்க இடம் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ பாடம். ‘அ’ பிரிவில் வழக்கம்போல வரையறையைக் கரும்பலகையில் எழுதி, விளக்கி, கடைசியில் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படத்தைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

‘ஆ’ பிரிவில் படத்தை முதலில் காட்டினேன். “கீழே பரளியாறு. ஏறத்தாழ 115 அடி உயரத்தில், 1966இல் கட்டிய தொட்டியில் இன்னொரு தண்ணீர். மோட்டார் இல்லை. இந்தக் குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்கு அது எப்படிப் போகிறது?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

“காத்து தள்ளும் சார்.” “பின்னால வர்ற தண்ணி தள்ளும்.” விடை என் நாக்கின் நுனியில் நின்றது, அடக்கிக்கொண்டேன். நீளவாக்கில் பாதியாக அறுத்த பிவிசி குழாயும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தேன். குழாயைச் சமமாகப் பிடித்தபோது இரு பக்கமும் வழிந்தது. ஒரு முனையைச் சற்றே உயர்த்தியதும் தண்ணீர் ஒரே திசையில் ஓடியது. “சரிவு சார்!” என்று வகுப்பே கத்தியது. புவியீர்ப்பு விசையை அதன்பிறகே எழுதினேன்.

ஜூன் முதல் வாய் திறக்காத ஒரு மாணவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான். “சார், தண்ணி வராத மாசம் தூணுக்குப் பாரம் கொறயுமா?”

நான் விடை சொல்லவில்லை. அவன் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தேன். அடிக்கடி விடுப்பு எடுக்கும் அவன், மறுநாள் முதல் ஆளாக வந்திருந்தான். காலிக் குவளையையும் நீர் நிறைந்த குவளையையும் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு அவனே நிறுத்துப் பார்த்தான். “கொறயும் சார்” என்றான்.

ஒன்றில் கவனம் தேவை. தடயமே தராமல் வினாவை மட்டும் தொங்கவிட்டால், படம் பார்ப்பவர் ஏமாறுவதுபோல மாணவரும் ஏமாறுவர். பிள்ளைகளின் கைக்கு எட்டும் பொருளில் ஒரு தடயமாவது இருக்கவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, நாளைய பாடக்குறிப்பின் முதல் வரியில் தலைப்புக்குப் பதில் ஒரு வினாவை எழுதிப் பாருங்கள். கேட்டபின் சற்றுநேரம் பேசாமல் இருங்கள். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.